‘இனிமேல் நானே செய்வேன்’: பிள்ளைகள் சொன்ன சொல்லில் நிற்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு ஞாயிறு இரவு, படுக்கப் போகும் நேரத்தில், "இனிமேல் மாடிச் செடிகளுக்கு நான்தான் தண்ணீர் ஊற்றுவேன், வேறு யாரும் தொடக் கூடாது" என்று அறிவித்தாள். வீடே பூரித்துப் போனது. திங்கட்கிழமை இரண்டு தடவை ஊற்றினாள். செவ்வாய்க்கிழமை ஒரு தடவை. அடுத்த ஞாயிறு பார்த்தால் செடிகள் தலை தொங்கி நிற்கின்றன. "நீதானே சொன்னாய்?" என்று கேட்டேன். "ஆமாம், நான்தான் சொன்னேன். எப்போது ஊற்றுவேன் என்று சொல்லவில்லையே அப்பா" என்றாள்.

வாய்த்துடுக்கு என்று கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது: அவள் சொன்னது அப்பட்டமான உண்மை. ஞாயிறு இரவு உற்சாகத்தில் சொல் கொடுத்தவள் ஒருத்தி. புதன்கிழமை மாலை களைத்துப்போய்ப் பையைத் தூக்கி எறிந்தவள் இன்னொருத்தி. முதலாமவள் வாங்கிய கடனை இரண்டாமவள் தலையில் கட்டியிருந்தோம். அதை எப்போது, எப்படி அடைப்பது என்று யாருமே அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

பிள்ளை சொல் தவறிய பிறகுதான் பெற்றோர் களத்தில் இறங்குகிறோம். கண்டிக்கிறோம், நினைவூட்டுகிறோம், தண்டிக்கிறோம். அதற்குள் பெரும்பாலும் காரியம் கெட்டுப்போயிருக்கும். நம் உழைப்பில் முக்கால் பங்கு, சொல் பிறக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கே போக வேண்டும் என்பது என் கட்சி. அதனால்தான் கீழே முதல் மூன்று படிகளுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: அது உண்மையில் யாருடைய சொல்?

"இனிமேல் ஒழுங்காகப் படிப்பாயா? சொல்லு! படிப்பாயா, மாட்டாயா?" அழுதுகொண்டிருக்கும் பிள்ளை "படிப்பேன்" என்று விசும்பும். இதை வாக்குறுதி என்று கணக்கில் வைத்துக்கொள்கிறோம். அந்த நிமிடத்திலிருந்து தப்பிக்கப் பிள்ளை கொடுத்த விலை அது, அவ்வளவுதான். மிரட்டி வாங்கிய சொல்லுக்கு நாளைக்கு ஆயுள் கிடையாது.

இன்னொரு வகை ‘சரி’யும் உண்டு. கையில் கைபேசி, கண் திரையில், நாம் என்ன கேட்டாலும் "சரி சரி" என்று தலையாட்டல். கேட்ட கேள்வி என்னவென்றே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. பிறகு "நீ சரி என்று சொன்னாயே" என்று சண்டை பிடிப்பது வீண்.

சிறு பிள்ளைகளுக்குச் சொல்லின் மதிப்பு தெரியாது என்று நினைப்பவர்கள் உண்டு. பட்ரீசியா கான்கீசரும் அவருடைய சகாக்களும் 2017ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. மூன்று வயதும் ஐந்து வயதும் ஆன குழந்தைகளிடம் ஒரு துப்புரவு வேலையைத் தொடர்ந்து செய்வதாகச் சொல் கேட்டார்கள். சொல் கொடுத்த குழந்தைகள், கொடுக்காதவர்களைவிட அதிக நேரம் அந்த வேலையில் நின்றார்கள்; செய்ய வேண்டிய கடமை தங்களுக்கு இருக்கிறது என்று பேசவும் செய்தார்கள். மூன்று வயதிலேயே இருக்கிற பொருள் அது. அதை நாள்தோறும் பத்து தடவை கசக்கிப் பிழிந்து, ‘சரி’ என்ற சொல்லை நாமே தேய்த்துவிடுகிறோம்.

ஆகவே இப்படிச் செய்து பாருங்கள். சண்டைக்கு நடுவில் சொல் கேட்காதீர்கள். பிள்ளை தானாக உற்சாகத்தில் பெரிதாக ஏதாவது அறிவித்தால் உடனே ஏற்றுக்கொள்ளாதீர்கள். "நல்ல யோசனை. தூங்கி எழுந்த பிறகும் இதே எண்ணம் இருந்தால் காலையில் என்னிடம் சொல்" என்று ஓர் இரவு தள்ளிப்போடுங்கள். காலையில் பாதி அறிவிப்புகள் காணாமல் போகும். போகட்டும். மிஞ்சுவதுதான் சரக்கு.

"முடியாது" என்று சொல்லும் உரிமையும் பிள்ளைக்கு வேண்டும். பல் துலக்குவது, பள்ளிக்குப் போவது போன்றவற்றில் அந்த உரிமை கிடையாது. அவை வீட்டு விதிகள். அவற்றுக்குச் சொல் கேட்பதே தவறு. "பல் துலக்குவாயா?" என்று கேட்டுவிட்டு, மாட்டேன் என்றதும் பாய்வதில் என்ன நியாயம்? விதியை விதியாகச் சொல்லிவிடுங்கள். மறுக்க இடமுள்ள விஷயத்துக்கு மட்டும் சொல் கேளுங்கள்.

இரண்டாம் படி: சொல்லைச் சுருக்குங்கள்

தினமும் ஒரு மணி நேரம் வயலின் பயிற்சி செய்வேன் என்று பிள்ளை சொன்னால் நமக்கு வாயெல்லாம் பல். அங்கேதான் நாம் இடறுகிறோம். பிள்ளையின் ஆசையோடு நம் பேராசையும் சேர்ந்துகொள்கிறது.

தன்னால் முடிவதை மிகையாக மதிப்பிடுவது பிள்ளைகளுக்கு மட்டும் உரிய குணம் என்று எண்ண வேண்டாம். 1994இல் ரோஜர் பியூலரும் சகாக்களும், ஆய்வேட்டை முடிக்கும் தறுவாயில் இருந்த பல்கலைக்கழக மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். அவர்கள் சொன்ன கணக்கு சராசரியாக 34 நாட்கள். உண்மையில் ஆனது 55 நாட்களுக்கு மேல். வயது வந்தவர்கள், தங்கள் வேலையை நன்றாக அறிந்தவர்கள், முடிவுக்கு அருகில் இருந்தவர்கள். அவர்கள் போட்ட கணக்கே இந்த லட்சணம் என்றால், எட்டு வயதுப் பிள்ளையின் ‘தினமும்’ எந்த மூலைக்கு?

நான் பயன்படுத்தும் கேள்வி ஒன்றுதான்: "ரொம்ப மோசமான ஒரு நாள். பள்ளியில் நண்பனோடு சண்டை, தலைவலி வேறு. அன்றைக்கும் உன்னால் எவ்வளவு முடியும்?" பிள்ளை யோசித்துச் சொல்லும் அந்த அளவைத்தான் சொல்லாக ஏற்க வேண்டும். ‘வயலினைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒரே ஒரு பாடத்தை வாசிப்பேன்’ என்று வரும். சிரிப்பு வரலாம், அடக்கிக்கொள்ளுங்கள். பெட்டியைத் திறந்த கை பெரும்பாலும் ஒரு பாடத்தோடு நிற்காது. நின்றாலும், சொன்ன சொல் நின்றது.

கூடவே ஒரு முடிவுத் தேதியும் போடுங்கள். ‘இனிமேல் எப்போதும்’ என்பது யாராலும் காப்பாற்ற முடியாத காலம். ‘இந்த மாதக் கடைசி வரை’ என்றால் பிள்ளைக்குக் கரை தெரியும். கரையை எட்டியதும் நீட்டுவதா விடுவதா என்று மறுபடி பேசிக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: எதற்குப் பிறகு, எங்கே?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்யப்போகிறீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள்.

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் இருந்து இதை ஆராய்ந்து வந்தார். ‘இன்னது செய்வேன்’ என்று மட்டும் முடிவெடுப்பவர்களைவிட, ‘இன்னது நடந்ததும் இன்னது செய்வேன்’ என்று முடிவெடுப்பவர்கள் எடுத்ததை அதிகம் முடிக்கிறார்கள். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது, இந்தச் சிறிய வாக்கிய மாற்றத்தின் பலன் கணிசமாகவே இருந்தது. காரணம் எளிது. செய்ய வேண்டிய நேரம் வரும்போது மனம் புதிதாக எதையும் முடிவெடுக்க வேண்டியதில்லை. முன்னால் நடக்கும் காரியமே பின்னால் வரும் காரியத்தைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடுகிறது.

பிள்ளைகளுக்கு ‘ஐந்து மணிக்கு’ என்பதைவிட ‘பள்ளிச் சீருடையை மாற்றியதும்’ என்பது பொருந்தும். ஐந்து மணி ஓசையில்லாமல் கடந்துபோகும். சீருடையை மாற்றுவது தினமும் நடந்தே தீரும்.

செடி விஷயத்தில் எங்கள் பேச்சு கிட்டத்தட்ட இப்படிப் போனது.

"எப்போது ஊற்றலாம்?"

"சாயங்காலம்."

"சாயங்காலம் நீண்ட நேரம் இருக்கிறதே. எது முடிந்ததும்?"

"பள்ளியிலிருந்து வந்ததும்."

"வந்ததும் முதலில் என்ன செய்வாய்?"

"ஷூவைக் கழற்றுவேன். பசிக்கும். சாப்பிடுவேன்." சற்று யோசித்தாள். "சாப்பிட்டு உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மாட்டேன் அப்பா. ஷூவைக் கழற்றியதும் நேரே மாடிக்குப் போய்விடுகிறேன். அப்புறம் சாப்பிடுகிறேன்."

கடைசி வரியைக் கவனியுங்கள். சாப்பிட்டு உட்கார்ந்தால் எழ மாட்டாள் என்பது எனக்கும் தெரியும். நான் சொல்லியிருந்தால் அது குத்தல். அவளே கண்டுபிடித்ததால் அது திட்டம். ‘பிறகு?’, ‘எது முடிந்ததும்?’ என்று கேட்டுக்கொண்டே போங்கள். விடையை எடுத்துக் கொடுக்காதீர்கள். மௌனம் நீண்டால் நீளட்டும்.

அடுத்து ஒரே ஓர் இடையூறுக்கும் வழி சொல்ல வையுங்கள். "மழை பெய்தால்?" "கூரைக்குக் கீழே இருக்கிற தொட்டிகளுக்கு மட்டும் ஊற்றுவேன்." போதும். பத்து இடையூறுகளுக்குத் திட்டம் போட்டால் பிள்ளை திட்டத்தையே வெறுத்துவிடும். ஒரே நேரத்தில் இப்படி ஒரு சொல்லுக்கு மேல் நடைமுறையில் வைக்கவும் வேண்டாம். முதல் சொல் காலூன்றட்டும்.

கடைசியாக, முழு வாக்கியத்தையும் பிள்ளையே தன் கையால் எழுதி, வேலை நடக்கும் இடத்தில் ஒட்டட்டும். எழுதத் தெரியாத வயது என்றால் படம் வரையட்டும். எழுத்துப் பிழையைத் திருத்த ஆசை வரும், வேண்டாம்.

நான்காம் படி: ஒருமுறை கூடவே போய்ப் பாருங்கள்

திட்டம் போட்ட மறுநாள் நானும் மாடிக்குப் போனேன். ஓரமாக நின்று வாயைத் திறக்காமல் பார்த்தேன். எங்கள் பூவாளி பத்து லிட்டர் பிடிக்கும். அதை நிரப்பினால் தண்ணீர் மட்டுமே பத்துக் கிலோ. அவள் பாதி நிரப்பி, இரண்டு கைகளாலும் தூக்கி, கால்சட்டையெல்லாம் நனைய நடந்தாள். குழாய் ஒரு கோடியில், செடிகள் மறுகோடியில். நாலு நடை. போன வாரம் அவள் சொல் தவறியதற்கு நான் சோம்பல் என்று பெயர் வைத்திருந்தேன். அதில் பாதி அந்தப் பூவாளி. இரண்டு லிட்டர் பிடிக்கும் சின்னப் பூவாளி ஒன்றை வாங்கி, செருப்பு வைக்கும் இடத்திலேயே வைத்தோம்.

அறிவுரைக்கு முன்னால் பொருட்களைச் சரிபாருங்கள். புத்தகம் எட்டும் உயரத்தில் இருக்கிறதா? பெட்டியின் கொக்கி பிள்ளைக்குத் திறக்க வருமா? ‘அறையை ஒழுங்காக வை’ என்றால் எந்தப் பொருள் எங்கே போக வேண்டும் என்று அதற்குத் தெரியுமா?

ஐந்தாம் படி: நினைவூட்டுவது யார் வேலை?

முதலில் நம்முடையது, பிறகு பொருளுடையது, கடைசியில் பிள்ளையுடையது. இந்த வரிசையில் கைமாற வேண்டும்.

திட்டமிடுவதிலும் உந்துதலை அடக்குவதிலும் பெரும்பங்கு வகிக்கும் மூளையின் முன்பகுதி, இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே தொடக்கத்தில் தோள் கொடுப்பது செல்லம் ஆகாது. ஆனால் ஒரே வேலைக்கு நாலு தடவை குரல் கொடுத்தால், நாலாவது குரலுக்குத்தான் எழ வேண்டும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. நல்ல கணக்குதான் அது. நாம் கற்றுக்கொடுத்த கணக்கு.

பிள்ளையிடமே கேளுங்கள்: "மறந்துவிட்டாய் என்று தெரிந்தால் நான் என்ன செய்யட்டும்?" என் மகள் சொன்னது, "ஒன்றும் பேசாமல் மாடியைக் காட்டுங்கள்." ஒரு வாரம் கை காட்டினேன். இரண்டாம் வாரம் வாசலில் இருந்த பூவாளியே அந்த வேலையைச் செய்தது. பதின்ம வயதினர் என்றால் கைபேசியில் அவர்களே அலாரம் வைத்துக்கொள்ளட்டும். அதற்கு மேல் நீங்கள் வாய் திறப்பதை அவர்கள் உளவு பார்ப்பதாகவே எடுத்துக்கொள்வார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தக் கைமாற்றமே வேண்டாம், கூட நின்று சேர்ந்து செய்யுங்கள்.

ஆறாம் படி: தவறிய நாள்

தவறும். பத்தாம் நாளோ பதினைந்தாம் நாளோ வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறும். அன்று மாலை நீங்கள் பேசும் இரண்டு வரிகளில்தான் மிச்சமெல்லாம் இருக்கிறது.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் பின்தொடர்ந்து, 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு புதிய செயல் பழக்கமாகப் படிய நடுத்தரமாக 66 நாட்கள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். ஆளுக்கு ஆள் வித்தியாசம் பெரிது: சிலருக்கு 18 நாட்கள், சிலருக்கு 254 வரை போகும். ‘21 நாளில் பழக்கம்’ என்று ஊரெல்லாம் சொல்வதை மறந்துவிடுங்கள். அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி வேறு: நடுவில் ஒருநாள் தவறியது, பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. பங்கேற்றவர்கள் பெரியவர்கள்தான், என்றாலும் பிள்ளை ஒருநாள் தவறியதற்கு வீட்டில் இழவு விழுந்தது போல நடந்துகொள்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

"நீ எப்போதுமே இப்படித்தான்" என்ற வாக்கியத்தை வீட்டை விட்டே துரத்துங்கள். பிள்ளைகள் சொன்னதைச் செய்கிறார்களோ இல்லையோ, நாம் அவர்களைப் பற்றிச் சொன்னதை நம்பிவிடுவார்கள். அதற்குப் பதில் கேட்க வேண்டியது: "எந்த இடத்தில் விட்டுப்போனது?" ஷூவைக் கழற்றியதும் பக்கத்து வீட்டுத் தோழி கூப்பிட்டாள் என்று பதில் வரும். அப்படியானால் வாக்கியத்தைத் திருத்த வேண்டும், பிள்ளையை இல்லை. ‘யாராவது கூப்பிட்டால், ஐந்து நிமிடம் என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போவேன்.’ பழைய தாளில் அடித்துத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். அடித்தல் திருத்தல் நிறைந்த தாள்தான் உயிருள்ள தாள்.

சொல் தவறியது இன்னொருவரைப் பாதித்திருந்தால் கதை வேறு. ஞாயிறுதோறும் தாத்தாவுக்குத் தொலைபேசியில் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு மறந்தால், அங்கே ஒரு கிழவர் தொலைபேசி பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இதைப் பூசி மெழுகக் கூடாது, பிள்ளைக்காக நாம் சமாதானம் சொல்லவும் கூடாது. மறுநாள் பிள்ளையே கூப்பிட்டு, "மறந்துவிட்டேன் தாத்தா" என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் நில்லுங்கள், வார்த்தையை மட்டும் கடன் கொடுக்காதீர்கள்.

சொல்லைத் திரும்பப் பெறவும் ஒரு முறை உண்டு என்று கற்றுக்கொடுங்கள். எங்கள் வீட்டு முறை இது: முடியாது என்று தெரிந்தால், செய்ய வேண்டிய நேரத்துக்கு முன்னால், சொல் யாருக்குக் கொடுத்தாயோ அவரிடம் நேரில் சொல்லிவிடலாம். அதற்குத் திட்டு கிடையாது. நேரம் கடந்த பிறகு வரும் காரணங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஏழாம் படி: பரிசு கொடுக்கலாமா?

யோசித்துக் கொடுங்கள். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும், படம் வரைவதை ஏற்கெனவே விரும்பிய மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு சாராரிடம் ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். ஓரிரு வாரம் கழித்து, விருப்பம்போல் விளையாட விட்டபோது, அந்தக் குழந்தைகள் வரைந்த நேரம் மற்றவர்கள் வரைந்ததில் ஏறத்தாழப் பாதிதான். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை.

இதைக் காட்டிப் பரிசே கூடாது என்பவர்கள் கொஞ்சம் அதிகம் போகிறார்கள். அந்தச் சோதனை, குழந்தைகள் விரும்பிய வேலையைப் பற்றியது. துணி மடிப்பதில் கெட்டுப்போக என்ன ஆசை இருக்கிறது? சலிப்பான வேலைக்குச் சின்னப் பரிசால் தீங்கில்லை. பிள்ளை தானாக விரும்பும் வாசிப்புக்கும் இசைக்கும் கூலி பேசாதீர்கள். மற்றபடி, கண்ணால் பார்த்ததைச் சொன்னாலே போதும்: "மழையிலும் போய் ஊற்றினாய், பார்த்தேன்."

எட்டாம் படி: உங்கள் சொல்

இதை முதலிலேயே வைத்திருக்க வேண்டும். வைத்திருந்தால் பாதிப் பேர் அங்கேயே படிப்பதை நிறுத்தியிருப்பார்கள் என்று பின்னால் தள்ளினேன்.

ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட்டும் சகாக்களும் மூன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட 28 குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்து, 2013இல் வெளியிட்டார்கள். வரைவதற்கு இதைவிட நல்ல பொருட்கள் கொண்டுவருகிறேன் என்று ஒரு பெரியவர் சொல்லிவிட்டுப் போவார். பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மீதிப் பாதிக்கு, மன்னித்துக்கொள், இல்லையாம் என்று வெறுங்கையோடு வந்தார். பிறகு எல்லோர் முன்னாலும் ஓர் இனிப்பை வைத்து, நான் வரும் வரை காத்திருந்தால் இரண்டு என்றார். ஏமாந்த குழந்தைகள் சராசரியாகக் காத்திருந்தது மூன்று நிமிடம். சொன்னபடி பெற்றவர்கள் பன்னிரண்டு நிமிடம்.

நான் ஒரு வாரம் என் வாயிலிருந்து மகளிடம் போன சொற்களை ஒரு தாளில் குறித்துவைத்தேன். ‘ஐந்து நிமிடத்தில் வருகிறேன்’, ‘ஞாயிறு சைக்கிளைச் சரிசெய்து தருகிறேன்’, ‘அப்புறம் பார்க்கலாம்’. மொத்தம் பத்தொன்பது. செய்து முடித்தது ஆறு. எண்ணிக்கையை அவளிடம் காட்டலாமா என்று தயங்கி, கடைசியில் காட்டினேன். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "சைக்கிள் எது முடிந்ததும் அப்பா?" என்று கேட்டாள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வீட்டிலும் பள்ளியிலும் விளையாட்டிலும், தனக்குப் பிடித்த வேலையில்கூட, ஒரு பிள்ளை மாதக்கணக்கில் மறந்துகொண்டே இருந்தால், திட்டத்தைத் திருத்திக்கொண்டே காலம் கடத்த வேண்டாம். கவனக்குறைபாடு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு என்று பல காரணங்கள் இருக்கலாம். குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

மாடிச் செடிகளில் ஒன்று அந்த முதல் வாரத்திலேயே போய்விட்டது. மற்றவை பிழைத்தன. ஏழு மாதம் அவள்தான் தண்ணீர் ஊற்றினாள், நடுவே ஆறோ ஏழோ நாள் விடுபட்டிருக்கும். போன மாதம் ஒருநாள் ஷூவைக் கழற்றியபடியே, "அப்பா, தேர்வு வருகிறது. என்னால் செடிகளைப் பார்த்துக்கொள்ள முடியாது" என்றாள். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "அடுத்த திங்களிலிருந்து. பதினெட்டாம் தேதி மறுபடி எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பூவாளியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அன்று வியாழக்கிழமைதான்.